மையும் தூசியும்

ஓவியர் காஸ்பார் டேவிட் ஃபிரிட்ரிக்கின் பெரிய கண்காட்சியொன்று 2023 டிசம்பரில் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரிலுள்ள குன்ஸ்தாலே அருங்காட்சியகத்தில் தொடங்கியது. 2024 ஏப்ரல் முதல் நாளில் அது முடிவதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோனார்கள். நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த காசோடு, அறியாமலே வேறொன்றையும் அவர்கள் விட்டுச் சென்றிருப்பார்கள்: கம்பளிச் சட்டையின் இழை, தோலின் செதில், காலணி மண். அருங்காட்சியகத் தூசியில் கணிசமான பங்கு இப்படிப் பார்வையாளர் கொண்டுவருவதுதான். ஆட்கள் நடக்கும் தடத்துக்கு அருகே அது கூடுதலாகப் படியும். தள்ளிப் போகப் போகக் குறையும்.

காற்றில் ஈரம் ஏறினால் தூசி இறுகிப் பிடித்துக்கொள்ளும்; பூச்சிக்குத் தீனியுமாகும். சரி, துடைத்துவிடலாமே என்றால், அதிலுள்ள மணல்துகள் பரப்பைக் கீறும். அழுக்கும் கெடுக்கிறது, சுத்தமும் கெடுக்கிறது.

அதே நகரின் அரசு மற்றும் பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அங்கே சிக்கல் இன்னும் நுட்பமானது. எழுத்தாணி கீறினால் மட்டும் எழுத்து கண்ணுக்குத் தெளியாது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, மேலே நிற்பதைத் துடைத்தெடுத்தால்தான் தெரியும். அந்தக் கரியும் தூள்தானே! பராமரிப்பவரின் தூரிகை ஒரு தூளை அகற்றி இன்னொரு தூளை விட்டுவைக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும், ஈரம் பட்டாலும், தூசியோடு சேர்ந்து சொல்லும் போய்விடும்.

அப்படியானால் மனிதர் வாடையே படாமல் பூட்டிவைப்பதுதான் காப்பா? நம் ஊரில் அதையும் பார்த்தாயிற்று. எவரும் தொடாமல் பரணில் கட்டிவைத்த எத்தனையோ ஏடுகள் செல்லரித்து மண்ணாயின. சங்கப் பாடல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தது ஓலையின் ஆயுளால் அல்ல. சில நூற்றாண்டுகள் தாங்குவதே ஓலைக்கு அரிது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ அதைப் பிரித்து, எண்ணெய் பூசி, விரல் வைத்து வாசித்தார்கள். இற்றுப்போகுமுன் புது ஓலையில் படியெடுத்தார்கள். ஓலையைத் தேய்த்த விரலே பாட்டைக் காத்தது.

எனவே தூசியே இல்லாத கூடத்தை நான் கனவு காணவில்லை. அது ஆளே வராத கூடமாகத்தான் இருக்கும். அருங்காட்சியகங்களில் சிறு கண்ணாடித் தகடுகளை வைத்து, படியும் தூசியை அளந்து, எப்போது துடைப்பது என்று தீர்மானிக்கும் வழக்கம் உண்டு. பார்வையாளரை எவ்வளவு கிட்ட விடலாம் என்பதற்கும் அந்த அளவு உதவும். வேலியை ஓரடி தள்ளிப்போட்டால் தூசி குறையும், ஓவியத்தின் நுணுக்கமும் கண்ணுக்கு எட்டாமல் போகும். அந்த ஓரடிக்காகத்தான் பொருளைக் காப்பவரும் காட்ட நினைப்பவரும் வாதாடுகிறார்கள்.