ஏற மறுத்தல்

ஒருவர் பஸ்ஸில் ஏற மறுக்கிறார். அவர் எவரையும் அடிக்கவில்லை. கடுஞ்சொல் ஒன்றும் கூறவில்லை. பிறர் பொருளுக்குச் சேதம் விளைக்கவும் இல்லை. தம் காலால் நடந்து போகிறார், அவ்வளவே. இச்செயல் அறமா, மறமா என்று கேட்டால், நம்மில் பலர் 'அஹிம்சை வழிப்பட்டது. ஆகவே அறமே' என்று தயக்கமின்றி விடை கூறிவிடுவர். அவ்விடை போதுமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள். போதாது என்பது நம் கருத்து. அதற்குரிய சான்றுகளைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. நம் நாட்டு வீதிகளிலேயே அவை கிடக்கின்றன. ஆயினும் பலரும் அறிந்த மான்ட்கோமரி வரலாற்றிலிருந்து தொடங்குவது விளக்கத்துக்கு எளிது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்தது அந்நகர். அங்குப் பஸ்களின் முன்வரிசைகள் வெள்ளையருக்கென்றும் பின்வரிசைகள் கறுப்பின மக்களுக்கென்றும் ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவரிசைகளில் கறுப்பினத்தவர் அமரலாம். ஆனால் வெள்ளையர் ஒருவர் இடமின்றி நிற்பாராயின், அவ்வரிசையிலுள்ளோர் அனைவரும் எழுந்துவிட வேண்டும். முன்வாயிலில் ஏறிக் காசு கொடுத்தபின், கீழே இறங்கிப் பின்வாயில் வழியே மீண்டும் ஏறுமாறு ஓட்டுநர்கள் பணிப்பதும் உண்டு. 1955 மார்ச்சில் கிளாடெட் கோல்வின் என்னும் 15 வயது மாணவி எழ மறுத்துக் கைதானாள். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள், தையல் தொழில் செய்துவந்த ரோசா பார்க்ஸ் அம்மையாரும் எழ மறுத்துக் கைதானார். டிசம்பர் 5ஆம் நாள் தொடங்கிய பஸ் பகிஷ்காரம் 381 நாள் நீடித்தது. நாள்தோறும் நடந்தவர்களுள் பிறர் வீடுகளில் சமைத்தும் துணி வெளுத்தும் பிழைத்த பெண்கள் மிகப் பலர். தலைமை ஏற்ற மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது 26. 1956 ஜனவரி 30 அன்று அவர் இல்லத்தில் வெடிகுண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். சினந்து திரண்ட தம் மக்களை ஆயுதங்களோடு வீடு திரும்பச் செய்தவர் அவரே. அவ்வாண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினைச் சட்டம் செல்லாது என உறுதிசெய்தது.

அந்த 381 நாளுக்குள்ளேதான் நம்மவர்க்கு மறக்கவொண்ணாத ஒரு நாளும் வருகிறது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் மக்களோடு தீட்சை ஏற்றபோது, மான்ட்கோமரியில் மக்கள் இன்னும் நடந்துகொண்டிருந்தனர்.

இனி, இவ்வரலாற்றைப் போற்றுவோர் பெரும்பாலும் கூறாது விடும் செய்தி ஒன்று உண்டு. பகிஷ்காரம் தொடங்கியபோது அதன் தலைவர்கள் பிரிவினையை ஒழிக்குமாறு கேட்கவில்லை. ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்க வேண்டும். பின்னிருந்து கறுப்பினத்தவரும் முன்னிருந்து வெள்ளையரும் வந்த முறைப்படி அமர வேண்டும். கறுப்பின மக்கள் மிகுதியாகப் போகும் தடங்களில் அவ்வினத்து ஓட்டுநர்களை அமர்த்த வேண்டும். முதலில் கேட்டது இவ்வளவே. பிரிவினையே கூடாது என்ற வழக்கு 1956 பிப்ரவரியில்தான் தொடுக்கப்பட்டது. கோல்வினும் வழக்காடியவர்களுள் ஒருத்தி. நடக்க நடக்கத்தான் தாம் கேட்க வேண்டியது எது என்பது அம்மக்களுக்குத் தெளிவாயிற்று எனலாம்.

மற்றொரு செய்தி இன்னும் கூர்மையானது. பகிஷ்காரம் என்னும் கருவியை அதே நாட்களில் வெள்ளையர் மன்றங்களும் கையாண்டுவந்தன. கறுப்பினத்தவரின் உரிமையை ஆதரித்தவர்க்குக் கடன் இல்லை, வேலை இல்லை, வியாபாரம் இல்லை என்று அவை ஒதுக்கின. நாமும் அதே கருவியை எடுக்கலாமா, அவர்களுக்கும் நமக்கும் வேற்றுமை என்ன என்று கிங் தம்மைத்தாமே வினவிக்கொண்டதாக 1958இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். ஒரு கம்பெனியை நலிவிப்பது தம் நோக்கமன்று, தீய முறைக்கு ஒத்துழைப்பதை நிறுத்துவதே நோக்கம் என்று அவர் தெளிந்தார். இவ்வளவு நேர்மையான ஐயம் ஒரு தலைவருக்கு எழுந்தது நமக்கு வியப்பளிக்கிறது. வெற்றி பெற்றோர் பலருக்கு அது எழுவதே இல்லை.

இவ்வையத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 1901இல் சிறுவராயிருந்த அம்பேத்கர், தம் தமையனாரோடும் தமக்கையின் மக்களோடும் கோரேகாமில் இருந்த தந்தையைக் காண ரயிலேறினார். மசூர் நிலையத்தில் இறங்கியபின் வண்டி கிடைக்கவில்லை. பிள்ளைகள் மகார் குலத்தினர் என்று தெரிந்ததும், இருமடங்கு கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர் எவரும் இசையவில்லை. முடிவில் ஒருவன், பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்வதென்றும் தான் கீழே நடந்து வருவதென்றும் ஒப்பந்தம் பேசினான். நல்லுடை உடுத்த பிள்ளைகள் மாட்டை ஓட்ட, உடைமைக்காரன் புழுதியில் நடந்தான். அவனும் ஏற மறுத்தவனே. அவனும் எவரையும் அடிக்கவில்லை.

28 ஆண்டுகள் கழிந்தன. 1929இல், பாரிஸ்டராகவும் பேராசிரியராகவும் விளங்கிய அதே அம்பேத்கர் சாலிஸ்காம் நிலையத்தில் இறங்கினார். தீண்டாதாரை ஏற்றி ஓட்டுவது தங்கள் மதிப்புக்குக் குறைவென்று குதிரைவண்டிக்காரர்கள் மறுத்துவிட்டனர். அங்கும் ஒரு சமரசம் பேசப்பட்டது. வண்டியைத் தருவார்கள், ஓட்ட மாட்டார்கள். ஓட்டிப் பழகாத அன்பர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் சிக்கிற்று. அம்பேத்கர் கற்பாதையில் எறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அவர் காலெலும்பு முறிந்தது. இதில் வன்முறையாளன் எவன்? கல் எறிந்தவன் இல்லை, கழி ஓங்கியவன் இல்லை. பணிவோடு வண்டியை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றவனின் மறுப்பே அக்காலை முறித்தது.

எண்ணிப் பார்த்தால் சாதி என்னும் ஏற்பாடு பெரும்பகுதியும் இத்தகைய மறுப்புகளால் ஆனதே. தொட மறுத்தல், உடனுண்ண மறுத்தல், நீர் வார்க்க மறுத்தல், பெண் கொள்ளவும் கொடுக்கவும் மறுத்தல். அடி உதை என்பது அம்மறுப்புகளை எவரேனும் மீறும்போது மட்டும் வெளிப்படுவது. ஆதலால் கையில் ஆயுதம் இல்லை என்பதைக்கொண்டு ஒரு செயலை அஹிம்சை என்று நாம் மதிப்பிடலாகாது. நம் நாட்டுச் சட்டமும் இதனை ஒருவாறு உணர்ந்திருக்கிறது. பட்டியலினத்தார் மீதான வன்கொடுமையைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, சமூக பகிஷ்காரமும் பொருளாதார பகிஷ்காரமும் தண்டனைக்குரிய குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. மான்ட்கோமரியில் வீரமாகப் போற்றப்பட்ட கருவி, நம் கிராமத்தில் குற்றமாகிறது. இரண்டும் சரியே.

அப்படியாயின் இரண்டையும் பிரித்தறியும் உரைகல் எது? செயலின் தன்மையை அதன் பின்னுள்ள எண்ணமே தீர்மானிக்கிறது என்பது பௌத்த நெறியின் அடிப்படை. ஆனால் பிறர் எண்ணத்தை நாம் எங்ஙனம் காண்பது? தன்னை வருத்திக்கொள்பவன் நல்லவன், பிறரை வருத்துபவன் தீயவன் என்று சிலர் கூறுவர். அதுவும் முற்றும் பொருந்தாது. மசூர் வண்டிக்காரனும் தன்னை வருத்திக்கொண்டுதான் நடந்தான். நாம் கொள்ளும் உரைகல் வேறு. மறுத்தவர் வெற்றி பெற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் கீழே நிற்பவர் எவரேனும் இருக்கிறாரா? மான்ட்கோமரியில் எவரும் இல்லை. வெள்ளையரும் எங்கு வேண்டுமாயினும் அமரலாம்.

இவ்வுரைகல்லில் நாம் மதிக்கும் பெரியோரையும் உரைத்துப் பார்க்கத் தயங்கலாகாது. 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் காந்தியடிகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டது பாடநூல்களில் உள்ள செய்தி. அதற்கு இரண்டாண்டு கழித்து, டர்பன் தபால் நிலையத்தில் வெள்ளையர்க்கு ஒரு வாயிலும், ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் பொதுவாக ஒரு வாயிலும் இருந்ததை எதிர்த்து அவரும் தோழர்களும் முறையிட்டனர். முறையீடு பலித்தது. இந்தியருக்கென மூன்றாவது வாயில் ஒன்று ஏற்பட்டது. ஆப்பிரிக்கர் முன்பு நின்ற வாயிலிலேயே நின்றனர். அன்று அவர் இளைஞர். பின்னாளில் வெகுதூரம் வளர்ந்தார் என்பதும் உண்மையே. ஆயினும் மூன்றாவது வாயிலைக் கேட்கும் மனம் நமக்குப் புதியதன்று. நம் தெருவுக்கு அடுத்த தெருவைக் காட்டி 'நாங்கள் அவர்களைப் போன்றவர்கள் அல்லர்' என்று கூறும் நாக்கு நம்மிடையேயும் உண்டு.

அதே 1893ஐ ஒட்டித் திருவிதாங்கூரில், வெங்ஙானூர்ப் புலையர் குலத்து அய்யன்காளி வில்லுவண்டி ஒன்றை வாங்கி, வெள்ளாடையும் தலைப்பாகையும் அணிந்து, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுவீதியில் மணியொலிக்க ஓட்டிச் சென்றார். இவர் ஏற மறுத்தவர் அல்லர், இறங்க மறுத்தவர். 1898இல் பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் தம்மைத் தாக்கியோரை அவர் கூட்டத்தார் திருப்பித் தாக்கவும் செய்தனர். தூய அஹிம்சைவாதிகள் இவரை ஏற்கத் தயங்கலாம். ஆனால் அவ்வண்டி ஓடிய வீதி பிறகு எவருக்கும் மூடப்படவில்லை. நம் உரைகல்லில் இவர் தேறுகிறார்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். மோட்டார் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதி திராவிடரை ஏற்ற மறுத்த முதலாளிகள் பலர். ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். பஸ்கள் ஏற்றிக்கொண்டன. ஓர் உத்தரவால் ஆகக்கூடியது இவ்வளவு, அது சிறிதன்று.

பின்னர் அந்த ஜில்லாவிலிருந்தே விருதுநகர் மாவட்டம் பிரிந்தது. 1997இல் தமிழக அரசு விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றை அமைத்து, கட்டபொம்மனின் படைத்தளபதியும் தேவேந்திரகுலத்தவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்குச் சூட்டிற்று. அப்பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் பலர் மறுத்தனர். மறுப்பு கல்வீச்சாயிற்று, கல்வீச்சு கலவரமாயிற்று, உயிர்கள் மாண்டன. முடிவில் அரசு, அவ்வொரு பெயரை மட்டும் நீக்குவதற்கு மாறாக, எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை நீக்கிவிட்டது. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், திருவள்ளுவர், கட்டபொம்மன், மருதுபாண்டியர் என யாவரும் ஒருசேர இறங்கினர். ஒருவரோடு உடன் அமர மனமில்லாமையால், இருக்கையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து போனது போன்றதே இது. இதனை நடுநிலை என்று கூறுவோர் உளர். வெற்றியின்பின் கீழே நிற்பவர் யார் என்ற வினாவைக் கேட்டால், அது நடுநிலையாகத் தோன்றவில்லை.

இங்குதான் பெங்களூரில், ஆஸ்டின் டவுனில் வாழும் நமக்குரிய வினா எழுகிறது. நம் பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் நடத்துநர் சீட்டைக் கேட்பார், சில்லறையைக் கேட்பார், குலத்தைக் கேட்பதில்லை. 2023 ஜூன் முதல் கருநாடக அரசுப் பஸ்களில் பெண்களிடம் காசும் கேட்பதில்லை. வீட்டுவேலைக்குச் செல்லும் நம் சகோதரியருக்கு இது எத்துணை ஆறுதல் என்பதை அவர்களே அறிவர். இந்த நகரம் நமக்கு அளித்த பெரும்பேறு இது. ஆனால் இப்பேற்றின் இயல்பை நாம் நன்கு நோக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் நம்மோடு அமர்வது, நம்மை அறிந்து ஏற்றுக்கொண்டமையாலா, அறியாமையாலா? அதே மனிதர் வாடகைக்கு வீடு விடும்போது ஊரைக் கேட்கிறார். ஊரில் எத்தெரு என்று கேட்கிறார். புலால் உண்பதுண்டா என்று கேட்கிறார். பெயரற்ற பஸ்ஸில் கிடைத்த சமத்துவம், பெயர் கேட்கும் வாசலில் நின்றுவிடுகிறது. விருதுநகரில் பெயர் பலகையில் ஏறியவுடன் நிகழ்ந்ததும் இதுவே.

மான்ட்கோமரி மக்களுக்கு மறைந்துகொள்ளும் வழி இல்லை. நிறம் முகத்திலேயே இருந்தது. அவர்கள் கேட்டது, கண்டபின்னும் உடன் அமர வேண்டும் என்பது. நமக்கோ மறைந்துகொள்ள வழி உண்டு. அதனால் நமக்குரிய சோதனை வேறு வகையினது. 1959இல் கிங் இந்தியாவுக்கு வந்தார். தீண்டாதார் பிள்ளைகள் பயின்ற திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் தம்மை, 'அமெரிக்காவிலிருந்து வந்த நம்மைப் போன்ற தீண்டாதார்' என்ற பொருள்பட அறிமுகம் செய்ததாக அவர் 1965இல் ஒரு பேருரையில் நினைவுகூர்ந்தார். முதலில் அவர் திடுக்கிட்டார். உள்ளூரச் சற்றே சினமும் கொண்டார். பின்னர்த் தம் நாட்டில் வறுமையிலும் ஒதுக்கத்திலும் வாழ்ந்த இரண்டு கோடி மக்களை எண்ணினார். ஆம், நானும் தீண்டாதாரே என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். அய்யன்காளி வண்டி ஓட்டிய வீதிகளுக்கு அணித்தான ஊர் அது.

பள்ளியில் பிள்ளைகள் 'உன் வீடு எங்கே?' என்று வினவப்படும்போது, அருகிலுள்ள வேறு பேட்டையின் பெயரைச் சொல்லுமாறு கற்பிக்கும் பெற்றோர் நம்மிடையே உளர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அடிபட்டவர் காட்டும் எச்சரிக்கை அது. ஆயினும் அப்பிள்ளை அப்போது கற்றுக்கொள்வது யாது என்பதை அவர்கள் ஒருமுறை தம்முள் கேட்டுப் பார்க்கலாம். 1955இல் 15 வயதுப் பெண்ணொருத்தி, எழுந்திரு என்று அதட்டிய போலீஸாரிடம், காசு கொடுத்து ஏறிய தனக்கு அங்கு அமர உரிமை உண்டென்று கூறினாள். அவள் வீட்டாரும் அன்றிரவு அஞ்சித்தான் விழித்திருந்தனர்.