வெயில் வெளியே மட்டும்தானா?

ஒவ்வொரு கோடையிலும் அந்த அறிவிப்பு வந்துவிடுகிறது: பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்லாதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். நல்ல யோசனைகள்தாம். யாருடைய உடலை மனத்தில் வைத்து எழுதியவை என்பதே என் கேள்வி.

வகுப்பில் பாலைத்திணை நடத்தும்போதெல்லாம் இது உறுத்தும். உடன்போக்கை விட்டுவிட்டால், பாலையின் வெயில் பெரும்பாலும் ஆணின் வழியில் காய்வது. அவன் சுரம் கடப்பான். அவள் மனைக்குள் இருந்து வருந்துவாள். வீடென்றால் நிழல் என்ற அந்த எண்ணம் மாநகராட்சி வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓரறை வீட்டில், உச்சிப்பொழுதில் உலை வைத்துக்கொண்டு நிற்பவளிடம் ‘வெளியே போகாதே’ என்றால் அவள் எங்கே போவாள்?

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். நடைபாதையில் பூ விற்பவர், சித்தாள், தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர் எனப் பலர் காலையிலிருந்தே தண்ணீரைத் தள்ளிப்போடுகிறார்கள். குடித்தால் ஒதுங்க இடமில்லை. அவர்களுக்குக் கோடை என்பது நீர்க்கடுப்புக் காலம். மாதவிலக்கு நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெப்பத் தடுப்புத் திட்டத்தின் முதல் வரியில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பேன். குடிநீர்ப் பந்தல் இரண்டாவது வரியில் வரட்டும்.

கடைப்பிடிக்க முடியாத அறிவுரை பாதுகாப்பாகுமா? சொன்னவரின் கடமை சொன்னதோடு தீர்ந்துபோகிறது. கேட்காதவள் கவனக்குறைவானவள் ஆகிறாள்.

2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300 பேருக்கும் மேல் கூடுதலாக இறந்தார்கள். 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர் பயிற்சி எல்லாம் அதில் உண்டு. எனக்குப் பிடித்தது, பின்னர் அங்கே ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியதுதான். வெயில் வீட்டுக்குள்ளும் இருக்கிறது என்று ஒரு நகரம் ஒப்புக்கொண்ட செயல் அது.

தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வரவேற்கிறேன். ஆனால் வெப்பத்தால் நேர்ந்த சாவு என்று முதலில் யாராவது எழுத வேண்டுமே. சாலையில் சுருண்டு விழுபவரைப் பார்க்க நாலு பேர் இருப்பார்கள். அடுப்படியில் விழுந்தவளுக்கு, ‘ஏற்கெனவே பிரஷர் இருந்தது’ என்று வீட்டாரே சொல்லிவிடுவார்கள்.