அடியேன் என்னும் சொல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் ஸம்ப்ரதாயத்தில் கடிதமாயினும் தொலைபேசியாயினும் 'நான்' என்று வரவேண்டிய இடத்தில் 'அடியேன்' என்றே வருகிறது. வெளிநாடுகளில் வளரும் நம் பிள்ளைகள் இதை ஒரு மரியாதைச் சொல்லாகக் கற்றுக்கொள்கிறார்கள். பெரியவர்களில் பலருக்கும் அதற்கு மேல் தோன்றுவதில்லை. பூர்வாசார்யர்களோ இச்சொல்லை 'நான் யார்' என்ற கேள்விக்கு விடையாகவே கொண்டார்கள். அந்த விடையின் கனம், அறிவு மங்கிப்போன ஒருவருடைய கட்டிலருகே நிற்கும்போதுதான் முழுவதும் தெரியும் என்பது அடியேனுடைய எண்ணம். வயது முதிர்ந்த பெற்றோரைப் பராமரித்துவரும் பாகவதர்கள் பலர் இந்த இதழை வாசிக்கிறார்கள். அவர்களை நினைத்தே இதை எழுதத் துணிந்தது.

திருவாய்மொழி எட்டாம் பத்து, எட்டாம் திருவாய்மொழி, இரண்டாம் பாசுரத்தின் வ்யாக்யானத்தில் ஓர் ஐதிஹ்யம் உண்டு. எம்பெருமானாருடைய கோஷ்டியில் ஒரு விசாரம் எழுந்தது: ஆத்மாவுக்கு அந்தரங்கமான அடையாளம் ஞாத்ருத்வமா, சேஷத்வமா? அதாவது, அறிகிறவனாய் இருப்பதா, எம்பெருமானுக்கு உரியவனாய் இருப்பதா? இதைக் கேட்டு வரும்படி கூரத்தாழ்வான் திருக்கோட்டியூர் நம்பியிடம் அனுப்பப்பட்டார். ஆழ்வான் அங்கே ஆறு மாதம் காத்திருந்தார். இறுதியில் நம்பி காட்டியது, இந்தப் பாசுரத்தில் ஆத்மாவைச் சொல்லுமிடத்தில் ஆழ்வார் 'அடியேன்' என்று இட்டிருக்கிறார் என்பதை. அவ்வளவே. ஆறு மாதக் காத்திருப்புக்கு ஒரு சொல்.

நம்முடைய இயல்பான எண்ணம் இதற்கு மறுபக்கம் சாய்கிறது. அறிகிறேன், நினைவில் வைத்திருக்கிறேன், ஆகவே நான் நானாக இருக்கிறேன் என்றே எல்லோரும் எண்ணுகிறோம். ஆங்கிலேய தத்துவாசிரியர் ஜான் லாக் இதையே கொள்கையாக்கினார். தம் நூலின் 1694-ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிதாகச் சேர்த்த அத்தியாயத்தில், ஒருவனுடைய உணர்வு கடந்த காலத்தில் எதுவரை சென்று தொடுகிறதோ அதுவரையே அவன் அதே ஆள் என்று வாதிட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953-இல், 27-ஆம் வயதில், வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன்பின் 2008-இல் மறையும்வரை, புதிதாக நடந்ததை அவரால் நினைவில் நிறுத்த இயலவில்லை. ப்ரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குத் தந்தார். நாளுக்கு நாள் கை தேர்ந்தது. அவரோ முன்பு அதைச் செய்த நினைவே இல்லாமல் ஒவ்வொரு நாளும் தொடங்கினார். லாக்கின் கணக்குப்படி அந்த 55 ஆண்டுகளில் அங்கே எத்தனை பேர் வந்து போயினர்? அவரை ஆராய்ந்தவர்கள் ஆராய்ந்தது ஒரே ஒருவரைத்தான்.

இங்கே பாஷ்யகாரரிடம் வருவோம். ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் ஆழ்ந்த உறக்கத்தைப் பற்றிய விசாரம் வருகிறது. உறங்கி எழுந்தவன் 'ஸுகமாக உறங்கினேன்' என்கிறான். உறக்கத்தில் உலகம் இல்லை, கனவும் இல்லை. ஆயினும் அந்த ஸுகம் தன்னுடையது என்று எழுந்தபின் அவனுக்குத் தெரிகிறது. ஆகவே 'நான்' என்னும் விளக்கம் உறக்கத்திலும் அணைவதில்லை. எதிர்வாதி விடுவானா? அதே மனிதன் 'என்னையும் நான் அறியவில்லை' என்றும் சொல்கிறானே என்று மடக்குகிறான். மறுமொழி மிக நுட்பமானது. அந்த வாக்கியத்திலேயே 'நான்' என்று ஒன்றும் 'என்னை' என்று ஒன்றும் இருக்கின்றன. ஜாதி முதலிய அடையாளங்களோடு விழிப்பில் அறியப்படுகிற ஆள்தான் 'என்னை' என்பதன் பொருள். உறக்கத்தில் காணாமற்போனது அதுவே. அது காணவில்லை என்று சொல்வதற்கு ஒரு 'நான்' வேண்டியிருக்கிறது. அந்த 'நான்' காணாமற்போகவில்லை.

பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் ஊராலும் குலத்தாலும் வரும் பெயர்களை அநர்த்தத்துக்குக் காரணம் என்று தள்ளி, அடியான் என்பதையே ஆத்மாவின் அழியாப் பெயராகச் சொல்வதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஊரும் குலமும் 'என்னை' என்ற பகுதியைச் சேர்ந்தவை. அவை ஒவ்வோர் இரவும் நம்மை விட்டுப் போகின்றன. காலையில் திரும்பி வருகின்றன. சிலருக்கு முதுமையில் அவை திரும்புவதில்லை.

'நான்' என்பதை உள்ளே தேடிப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் 1739-இல் வெளியிட்ட நூலில், தமக்குள் நோக்கும்போதெல்லாம் வெப்பம், குளிர்ச்சி, அன்பு, வெறுப்பு என்று ஏதாவது ஓர் உணர்ச்சியே அகப்படுகிறது, அதற்கு உடையவன் அகப்படவில்லை என்றார். நேர்மையான மனிதர். அவர் கண்டது பொய்யன்று என்றே அடியேன் கருதுகிறேன். நம் ஆசார்யர்கள் பொருள்களைப் பராக் என்றும் ப்ரத்யக் என்றும் பிரிப்பார்கள். பிறர்க்குத் தோன்றும் பொருள் பராக். தனக்குத் தானே தோன்றுவது ப்ரத்யக். குடத்தைத் தேடுவதுபோல் ஆத்மாவைத் தேடினால் அகப்படாது, ஏனெனில் அது தேடப்படும் பக்கத்தில் இல்லை. குளிர்ச்சி அகப்படுகிறது என்றால், யாருக்கு அகப்படுகிறது? ஹ்யூம் இந்த நான்காம் வேற்றுமையை விட்டுவிட்டார்.

அதை அடியேன் ஒரு நவம்பர் மாதத்தில் கேட்டேன். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் தர வேண்டும். நடமாட இயலாதவர்களாயின் வங்கியிலிருந்து ஒருவர் வீட்டுக்கே சென்று பார்த்துக் கையெழுத்திடுவது வழக்கம். குடும்ப ஓய்வூதியம் பெற்றுவந்த ஒரு மூதாட்டி; தொண்ணூறை நெருங்கியவர். பெயரைக் கேட்டேன், தெரியவில்லை. அருகில் நின்ற மகளைக் காட்டி யார் என்று கேட்டேன், அதுவும் தெரியவில்லை. மகள் தலையைத் திருப்பிக்கொண்டார். ரேகை எடுப்பதற்காக விரலை ஸ்டாம்ப் பேடில் வைத்தபோது அந்த அம்மையார் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "எனக்கு ஜில்லுன்னு இருக்கு" என்றார்.

தம் பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, பெற்ற மகள் போய்விட்டாள். 'எனக்கு' போகவில்லை. அந்தக் குளிர்ச்சி யாருடையது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. யாரும் அதை அவருக்குக் கற்றுத்தரவும் இல்லை. இந்த நபர் உயிருடன் இருக்கிறார் என்ற படிவத்தில் கையெழுத்திட்டபோது, அடியேன் எதற்குச் சான்றளிக்கிறேன் என்பது அன்று தெளிவாகத் தெரிந்தது.

இதை விளக்க நம் தர்சனத்தில் நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஆத்மா தானே அறிவு வடிவானது. அதற்குப் பண்பாக இன்னோர் அறிவும் உண்டு. முன்னது தர்மிஞானம், பின்னது தர்மபூதஞானம். விளக்கின் சுடரும் அதிலிருந்து பரவும் ஒளியும் போல என்பார்கள். சுருங்குவதும் விரிவதும் பரவும் ஒளிக்கே. ஸம்ஸாரத்தில் அது கர்மத்தால் சுருங்கியிருக்கிறது; மோக்ஷத்தில் முழுவதும் விரிகிறது. மறதி நோய் அந்த ஒளியின் மேல் போட்ட மூடி. உள்ளே சுடர் குன்றுவதில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. உறக்க வாதம் எழுந்திருக்கிறவனுக்குத்தான் செல்லும். எழுந்து 'உறங்கினேன்' என்று அவன் சொல்ல வேண்டும். அந்த மூதாட்டியாவது 'எனக்கு' என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் அசைவின்றிக் கிடப்பவர் எதுவும் சொல்வதில்லை. பலர் எழுவதும் இல்லை. அங்கே நம் அநுமானத்துக்குப் பிடிப்பு இல்லை. கீதையின் எட்டாம் அத்தியாயம் வேறு, கடைசி நினைவு எதுவோ அதையே அடைவான் என்கிறது. தந்தையின் கடைசி நாட்களில் நினைவே இல்லையே, அவர் கதி என்ன என்று கேட்டுக் கலங்கியவர்களை அடியேன் கண்டதுண்டு. அது வெறும் தத்துவக் கேள்வியன்று.

ஞாத்ருத்வமா சேஷத்வமா என்ற விசாரம் இந்தக் கட்டிலருகே வந்துதான் உயிர் பெறுகிறது. அறிவதே உள்ளடையாளம் என்றால், அறிவு சுருங்கச் சுருங்க அவரும் குறைந்துகொண்டே வருகிறார் என்றாகும். உரியவராய் இருப்பதே உள்ளடையாளம் என்றால் குறைவதற்கு ஒன்றுமில்லை. இதற்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு: நாற்காலியும்தானே எம்பெருமானுக்கு உரியது, அவருக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? இதனாலேயே அறிவையும் ஆசார்யர்கள் கைவிடவில்லை. அறிவு ஜடத்திலிருந்து ஆத்மாவைப் பிரிக்கிறது. சேஷத்வம் ஈச்வரனிடமிருந்து பிரிக்கிறது. இரண்டும் வேண்டும். சுடர் உள்ளவரை அவர் நாற்காலி ஆகமாட்டார். நாம் காணும்படி விளங்குகிறாரா என்பது வேறு கேள்வி.

வங்கிக்காரனுக்கு வங்கி உவமைதான் வரும், பொறுத்தருள வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கைச் செயல்படாத கணக்கு என்று பிரித்துவைப்போம். அதற்கும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். பத்து ஆண்டுகள் கடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் உடையவருடைய உரிமை அழிவதில்லை. வந்து கேட்டால் கிடைக்கும். ஆயினும் இந்த உவமை ஓரிடத்தில் முறிகிறது. உடையவர் வந்து கேட்க வேண்டுமே! நினைவிழந்தவர் எப்படிக் கேட்பார்? முறிவதற்குக் காரணம், நம்மை வைப்பாளராக நினைத்துக்கொள்வதுதான். 'அடியேன்' என்ற சொல்லின்படி நாம் வைப்புத்தொகை. கணக்கு எம்பெருமானுடையது. தொகை தன் உடையவனை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எந்த வங்கியிலும் விதி இல்லை.

பெரியாழ்வார் நாலாம் பத்தில் திருவரங்கத்து எம்பெருமானிடம், அந்தக் கடைசி வேளைக்காக இன்றே சொல்லி வைத்துவிட்டேன் என்று ஒரு பதிகமே பாடினார். வராஹ சரம ச்லோகம் அதற்கு மறுமொழி போல நிற்கிறது. மனமும் உடலும் நன்றாயிருக்கும்போது என்னை நினைத்தவன், கட்டைபோலவும் கல்போலவும் கிடந்து உயிர் பிரியும் வேளையில், நான் அவனை நினைக்கிறேன் என்பது அதன் கருத்து. பூமிப்பிராட்டி கேட்க, எம்பெருமான் சொன்னது. அந்த வாக்கியத்தில் 'நான்' என்னும் எழுவாய் எம்பெருமான். நினைப்பதும் அழைத்துச் செல்வதும் அவன் வினைகள். கட்டிலில் கிடப்பவர் அங்கே செயப்படுபொருளாக மட்டும் வருகிறார்.

அடியேன் ராமாநுஜ தாஸன்