கலி வேறு, நளன் வேறு

‘நான் முன்கோபி, சுவாமி. அது என் பிறவிக்குணம், இனி மாறாது.’ அன்பர் ஒருவர் ஒரு நாள் மாலை இவ்வாறு கூறினார். அவருடைய மகன் அவரோடு பேசுவதை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர் சொன்னது முழு உண்மையா?

வாழ்வில் நிகழ்ந்தவற்றுள் சிலவற்றை மட்டும் தேர்ந்து கோத்து, ‘இதுவே நான்’ என்று மனிதன் ஒரு கதையை அமைத்துக்கொள்கிறான். அதில் அடங்காத நிகழ்ச்சிகள் அவன் கருத்திலிருந்து நழுவிவிடுகின்றன. நாளடைவில் அக்கதையே அவனை நடத்தத் தொடங்குகிறது.

இதனை உணர்ந்து, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் ஒயிட்டும் நியூசிலாந்தைச் சேர்ந்த டேவிட் எப்ஸ்டனும் 1980-களில் ஓர் உளநல முறையை உருவாக்கினர். ‘கதைவழிச் சிகிச்சை’ என்று அதனைக் கூறலாம். 1990-இல் இருவரும் சேர்ந்து எழுதிய நூலால் அது பரவலாக அறியப்பட்டது. மனிதன் வேறு, அவனைப் பற்றியுள்ள சிக்கல் வேறு என்று பிரித்துக் காண்பது அதன் முதற்படி. அச்சிக்கலுக்கு அவன் பணியாத தருணங்களைத் தேடி எடுத்து, அவற்றைக்கொண்டு வாழ்க்கைக் கதையை மீண்டும் சொல்லச் செய்வது அடுத்த படி.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. ‘குற்றம் என்னுடையதன்று, கோபத்தினுடையது’ என்று ஒருவன் தப்பித்துக்கொள்ள இது வழிசெய்யாதா?

மகாபாரதத்தின் வனபர்வத்தை நோக்குவோம். சூதில் அனைத்தையும் இழந்த யுதிஷ்டிரர், தம்மைவிடத் துர்ப்பாக்கியசாலியான அரசன் உண்டோ என்று வருந்துகிறார். பிருகதசுவ முனிவர் அவருக்கு அறிவுரை கூறவில்லை. நளனின் கதையைக் கூறுகிறார். நளனைச் சூதாடச் செய்தவன் அவனுள் புகுந்த கலிபுருஷன். நாடிழந்ததும் தமயந்தியைக் கைவிட்டதும் கலியின் செயலே என்று பின்னர் நளனே சொல்கிறான். ஆயினும், இழந்ததை மீட்கும் பொறுப்பைக் கலியின் தலையில் அவன் சுமத்தவில்லை. ருதுபர்ணனிடம் தேரோட்டியாகப் பணிபுரிந்து, பகடையின் நுட்பத்தை அவனிடமே கற்கிறான். கற்ற அக்கணமே கலி வெளியேறுகிறான். அவனைச் சபிக்க எழுந்த கோபத்தையும் நளன் அடக்கிக்கொள்கிறான். கதை முடிந்ததும் முனிவர் யுதிஷ்டிரருக்கும் அந்நுட்பத்தை உபதேசிக்கிறார்.

கலி வேறு, நளன் வேறு என்பதனாலேயே நளன் மீள முடிந்தது. சுட்டதற்காக நெருப்பு வருந்துவதில்லை. சுடுவது அதன் இயல்பு. ‘கோபமே நான்’ என்பவனும் அத்தகையவனே. அவனால் மன்னிப்புக் கேட்கவும் இயலாது. கோபத்தைத் தன்னினின்று பிரித்துக் காண்பவனே அதற்கு இடங்கொடுத்தது தான் என்பதை ஒப்புக்கொள்ள வல்லவன்.

அந்த அன்பரிடம், கோபம் வந்தும் அதற்கு அடிபணியாமல் இருந்ததுண்டா என்று கேட்டேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, படுக்கையில் கிடந்த தம் தாயைப் பற்றிச் சொன்னார். ஊட்டிய கஞ்சியை அவர் நாள்தோறும் துப்பிவிடுவாராம். எட்டு மாதங்களில் ஒரு முறைகூட இவர் குரலை உயர்த்தவில்லை. ‘இதை நான் மறந்தே போனேன்’ என்றார்.

வேதாந்தம் இன்னும் ஓரடி முன்செல்கிறது. ‘நான் கோபக்காரன்’ என்பது ஒரு கதை என்றால், ‘நான் பொறுமைசாலி’ என்பதும் கதையே. இரண்டையும் அறிகின்ற சாட்சி எதுவோ, அதுவே நாம். ஆயினும், தாழ்ந்த கதையில் சிக்கியிருப்பவனுக்கு அச்சாட்சியின் நினைவே எழுவது அரிது. தன்னைப் பலவீனன் என்று எண்ணுவதைச் சுவாமி விவேகானந்தர் அத்துணை வன்மையாகக் கண்டித்தது இதனாலன்றோ!

சில வாரங்களுக்குப் பின் அன்பர் தம் மகனுக்குக் கடிதம் எழுதினார். ‘கோபம் வந்துவிட்டது’ என்று அதில் இல்லை. ‘உன்னை நான் புண்படுத்தினேன்’ என்றே இருந்தது. பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை எழுதும் துணிவை இறைவன் நமக்கும் அருள்வாராக.