பால் கடையும் கோயில்

நான் கொத்தனார், மேட்டுப்பாளையத்துக்காரன். நீலகிரியில் கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே தோடர் பழங்குடியினரின் மந்துகளில், அதாவது அவர்கள் குடியிருப்புகளில், தொகுப்பு வீடு கட்டப் பல வருஷம் போயிருக்கிறேன். அங்கே செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே கண் சற்றுத் தள்ளியிருக்கும் பால்கோயில் மேல் போய்விடும்.

மூங்கிலை வில்லாக வளைத்து, பிரம்பால் வரிந்து கட்டி, சதுப்பில் முளைக்கும் ஒரு புல்லை அடுக்கடுக்காக வேய்ந்திருப்பார்கள். கூரையே சுவராகத் தரைவரை இறங்கும். முன்னும் பின்னும்தான் கல்லோ பலகையோ வைத்து அடைப்பு. சன்னல் கிடையாது. அடுப்புப் புகை புல்லின் வழியாகவே கசிந்து வெளியேறும். வாசல் அவ்வளவு சின்னது, தவழ்ந்துதான் போக முடியும். குளிர்காற்றும் காட்டு மிருகமும் அதில் நுழையாது.

தோடரின் பழைய குடியிருப்பு வீடும் இதே அச்சுதான். முத்தநாடு மந்தில் கூம்பாக உயர்ந்து நிற்கும் கோயில் போல ஒன்றிரண்டு வேறு மாதிரி உண்டு. மற்றபடி சாமிக்கும் மனுஷனுக்கும் ஒரே வடிவம். எனக்கு அது நெடுநாள் பிடிபடவில்லை. எங்கள் பக்கத்தில் சாமி என்றால் ராஜா. ராஜராஜன் 1010-ல் தஞ்சாவூரில் எழுப்பி முடித்த பெரிய கோயிலை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஊர்க்கோயில் கோபுரத்தைவிட உசரமாக வீடு கட்டக் கூடாது என்று சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள். இங்கே சாமி பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறாரே, எதனால்?

உள்ளே என்ன இருக்கிறது என்று மந்திலுள்ள பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும். வெளியாள் போகக் கூடாது. அவர்கள் வீட்டுப் பெண்களும் போகக் கூடாது. பெண்களை விலக்குவது எனக்கு உறுத்தல்தான், எங்கள் கோயில்களில் உறுத்துவதைப் போலவே. உள்ளே இருப்பவை பால் சட்டியும் மத்தும் விளக்கும். பூசாரி கோயில் எருமையைக் கறக்கிறார், உறை ஊற்றுகிறார், கடைகிறார், நெய் உருக்குகிறார். நாம் பாலைச் சாமிக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறோம். அவர்களுக்குக் கடைவதே பூசை.

பழைய வீட்டிலும் அதே வேலை நடந்தது. கோயிலுக்கு விடாத எருமையின் பாலை வீட்டு ஆண்கள் வீட்டுக்குள்ளேயே கடைந்தார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. என் தொழிலில் முதலில் கேட்பது, உள்ளே என்ன வேலை நடக்கப்போகிறது என்பதைத்தான். அதற்குத் தக்கபடிதான் கட்டடம். இரண்டு இடத்திலும் ஒரே வேலை, ஆகவே ஒரே வீடு. கோயிலில் ஆசாரம் கூடுதல், அவ்வளவுதான்.

இப்போது பெரும்பாலோர் நான் கட்டியது போன்ற கான்கிரீட் வீட்டில் இருக்கிறார்கள். கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள், எருமை குறைந்துவிட்டது. மரபை விட்டுவிட்டார்கள் என்று கீழேயிருந்து வருகிறவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். மழையில் ஒழுகாத வீடு யாருக்கு வேண்டாம்? வீட்டுக்குள் நடக்கும் வேலை மாறிற்று, வீடும் மாறிற்று. கடைகிற கோயில் இன்னும் புல்லோடு நிற்கிறது. எருமையும் பூசாரியும் இல்லாமல் பாழாய்ப்போன பால்கோயில்களும் உண்டு. பிழைப்பிலிருந்து பூசையைப் பிரித்துத் தனியே வைத்தால் எத்தனை காலம் நிற்கும்? நாங்கள் எப்போதோ பிரித்துவிட்டோம். எங்களுக்கு அந்தக் கேள்விகூட எழுவதில்லை.

கூரைக்கான அந்தப் புல்லும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் பைனும் நட்டார்கள். சதுப்புகள் பலவும் காய்கறித் தோட்டமாயின. கூரை மாற்ற வேண்டிய வருஷம் ஆண்கள் வெகுதூரம் அலைந்து புல் அறுத்து வருகிறார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலுக்கும் ஊர்ப்பொது நிலத்துக்கும் உரிமை கேட்க வழி வைத்திருக்கிறது. அந்த நில உரிமையை வழிபாட்டு உரிமையாகவும் பார்க்க வேண்டும் என்பேன். தொகுப்பு வீட்டுக்கு எஸ்டிமேட் போடும்போது சிமென்ட், ஜல்லி, கம்பி என்று எழுதுகிறோம். பால்கோயிலுக்கு என்னை எழுதச் சொன்னால் முதல் வரியில் ஒரு சதுப்பையும், அடுத்த வரியில் எருமை மேய ஒரு புல்வெளியையும் எழுதுவேன்.