மறைத்தேந்தும் படைக்கலமும் மனச்சான்றும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சிறு கைத்துப்பாக்கியைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றாட அலுவல்களுக்குச் செல்வோர் பலர். அதற்கென அவர்கள் தெரிந்தெடுக்கும் உறை இரு பணிகளை ஆற்றுகின்றது. விரலோ திறப்புக் கோவையோ தற்செயலாக விசையை அழுத்தாவண்ணம் அதனை மூடிக் காப்பது ஒன்று; துப்பாக்கியின் உருவம் துணிக்கு வெளியே தெரியாது மறைப்பது மற்றொன்று. முதலாவதன் அறத்தை எவரும் மறுக்கார். இரண்டாவதே ஆராயற்பாலது.

வணங்குவோன் கையிலும் ஆயுதம் ஒளிந்திருக்கலாம் என்னும் எச்சரிக்கையைத் திருக்குறளின் கூடாநட்பு அதிகாரத்திற் காண்கிறோம். அமெரிக்கரும் ஒருகாலத்தில் மறைத்தலை வஞ்சகத்தின் அடையாளமாகவே கொண்டனர். 1813இல் கென்டக்கியும் லூசியானாவும் மறைத்தேந்துதலைத் தடைசெய்தன. வெளிப்படையாக ஏந்துதலே உரிமை எனக் கூறி, 1850இல் லூசியானா மீயுயர் நீதிமன்றம் அத்தடையை ஏற்றது. பின்னர் நிலைமை மாறியது. 2013இல் இலினோய் சட்டமியற்றியதோடு ஐம்பது மாநிலங்களும் மறைத்தேந்துதலுக்கு ஏதோவொரு வகையில் இடமளித்தன. தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி ஏந்துதல் அரசியலமைப்பு உரிமையென 2022இல் அந்நாட்டு மீயுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகிவிடுமா? பிறர் உரிமையைத் தொடும் செயலொன்றின் நோக்கம், பகிரங்கப்படுத்தப்பட்டால் நிறைவேறாதெனின், அச்செயல் நீதியன்று என 1795இல் கான்ற் வாதிட்டார். மறைத்தேந்துவோர் இதற்கு விடை கூறுவர்: சட்டம் பகிரங்கமானது, ஏந்துபவன் யாரென்பது மட்டுமே மறைவானது, அந்த ஐயம் தீயோனைத் தயங்கச் செய்வதால் ஆயுதமற்றோரும் காக்கப்படுவர், கண்ணிற் படாத ஆயுதம் அயலவரை அச்சுறுத்துவதுமில்லை. இவ்விடை வலிமை வாய்ந்ததே. ஆயினும், அச்சத்தினின்று அயலவனை விடுவிக்கும் அதே மறைப்பு, விலகிச் செல்லும் வாய்ப்பையும் அவனிடமிருந்து பறித்துவிடுகின்றது. அருகிலிருப்பவன் ஆயுதபாணி என அறிந்திருப்பின் வாக்குவாதத்தைத் தவிர்த்திருப்பான். அறியாமையால் அதனைத் தொடர்கின்றான்.

இங்கேதான் உறையின் முதற்பணி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. விசையை மூடிவைப்பவன் தன் கை தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கின்றான். சினமும் அச்சமும் மேலிட்ட கணத்தில் அவனது தீர்ப்பும் தவறக்கூடுமன்றோ? அதற்குக் கடையில் உறை கிடையாது. தன்னடக்கமே அதன் உறையாகும். பிறர் எச்சரிக்கையாயிருக்கும் வாய்ப்பைத் தானே நீக்கிவிட்டவன், அவர்களுக்கும் சேர்த்துத் தானே எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். வெறுங்கையன் வாதாடக்கூடிய இடத்தில் அவன் வாய்மூடி விலகக் கடமைப்பட்டவன். இக்கடமையை ஏற்க மனமில்லாதவனுக்குச் சட்டம் உரிமை வழங்கலாம், அறம் வழங்காது.