அரசன் வேண்டிய ஒரு சொல்

இஸ்லாமிய நாகரிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோருள் பலர் அதனை அரசர்களின் வரலாறாகவே எழுதி முடித்துவிடுகின்றனர். பக்தாதின் மாளிகைகள் கண்ணைப் பறிக்கின்றன. அதே நகரின் சிறைகளில் கிடந்தவர்கள் யாவர், எதன் பொருட்டுக் கிடந்தார்கள் என்று கேட்போர் சிலரே. கொடுங்கோலன் முன் நீதிச் சொல் உரைப்பதை நபி பெருமானார் (ஸல்) அவர்கள் உயர்ந்த ஜிஹாத் எனப் போற்றியதை நம் மேடைகளில் முழங்காதவர் இல்லை. அச்சொல்லை உரைக்க வேண்டிய நாள் வந்தபோது மார்க்கம் கற்றோர் என்ன செய்தனர்?

ஹிஜ்ரி 218, அதாவது கி.பி. 833ஆம் ஆண்டு. கலீஃபா மஃமூன் அறிவிலி அல்லர். கிரேக்க நூல்களை அரபியில் பெயர்ப்போரை ஆதரித்தவர். அவர்தாம் குர்ஆன் படைக்கப்பட்டது என்று காழிகளும் ஹதீஸ் கலை வல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டுமென பக்தாதின் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குக் கட்டளை அனுப்பினார். அக்கொள்கையின் நுட்பத்தை மதரஸாவில் எத்தனை நாள் வேண்டுமாயினும் வாதிக்கலாம். இங்கே நம் வினா அதுவன்று. வாதத்தால் வெல்ல வேண்டிய ஒன்றை விலங்கால் வெல்ல ஓர் அரசு முற்பட்டது என்பதே.

பெரும்பாலோர் இணங்கினர். நால்வர் மறுத்தனர், விலங்கு பூட்டப்பட்டதும் அவருள் இருவர் தளர்ந்தனர். எஞ்சியவர் இமாம் அஹ்மது இப்னு ஹன்பலும் (ரஹ்) முஹம்மது இப்னு நூஹ் என்னும் இளைஞருமே. விலங்கோடு இருவரும் கலீஃபாவிடம் அனுப்பப்பட்டனர். அவர்கள் போய்ச் சேருமுன் மஃமூன் மாண்டார். திரும்பும் வழியில் இப்னு நூஹ் உயிர் நீத்தார். அடுத்து வந்த முஃதஸிமின் ஆட்சியில் இமாம் சிறையில் வாடினார். கலீஃபாவின் முன்னிலையிலேயே நினைவிழக்கும்வரை கசையடி பட்டார்.

இணங்கியவர்கள் கோழைகளா? யஹ்யா இப்னு மயீன் (ரஹ்) போன்ற பேரறிஞரும் அவர்களுள் ஒருவர். உள்ளம் ஈமானில் உறுதியாக இருக்க, வற்புறுத்தலால் நாவு மட்டும் பிறழ்ந்தவரைக் குர்ஆன் மன்னிக்கிறது. அம்மார் (ரலி) அவர்களின் வரலாறு யாவரும் அறிந்ததே. மார்க்கமே திறந்துவைத்த வாயிலில் நுழைந்தவரைப் பழிக்க, சாட்டையின் சுவடு அறியாத நமக்கு உரிமையில்லை.

ஆயினும் இமாம் அஹ்மது அவ்வாயிலில் நுழையவில்லை. ஒப்புக்கொண்டு உயிர் தப்புமாறு வேண்டிய மாணவரை வெளியே சென்று பார்த்துவரச் சொன்னாராம். அங்கே மக்கள் திரள் திரளாக எழுதுகோலும் தாளுமாய் நின்றனர். இமாம் சொல்வதை எழுதிக்கொள்ளக் காத்திருந்தனர். இத்தனை பேரை வழிதவறச் செய்து நான் பிழைப்பதா என்பது அவர் வினாவாயிற்று. சலுகை ஒருவரின் உயிருக்கு உண்டு. பலர் பின்பற்றும் ஒருவரின் சொல்லோ அவர் உயிரோடு நின்றுவிடுவதில்லை. மஃமூனும் இதனை நன்கறிந்தவர். ஆதலின்தான் அவருக்கு ஆலிம்களின் தலையைவிட அவர்களின் சொல் தேவைப்பட்டது.

இதற்கு ஏழு பத்தாண்டுகளுக்கு முன்பே மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், வற்புறுத்தப்பட்டவனின் தலாக் செல்லாது எனக் கற்பித்தார்கள். கேட்பதற்குக் குடும்பச் சட்டம். ஆனால் அரசனுக்கு மக்கள் செய்த பைஅத்தோ, மீறினால் மனைவி தலாக் என்னும் ஆணையால் இறுக்கப்பட்டிருந்தது. வற்புறுத்திய தலாக் செல்லாதெனில் வற்புறுத்திய பைஅத் மட்டும் எப்படிச் செல்லும்? கலீஃபா மன்ஸூரின் ஆளுநருக்கு இது விளங்கிற்று. தோள் மூட்டு நழுவும்படி இமாம் அடிக்கப்பட்டார்.

அப்படியாயின் வாளேந்தியிருக்க வேண்டாமா என்பர் இளைஞர். வாத்திக்கின் காலத்தில் பக்தாதின் மார்க்க அறிஞர் சிலர் இதனையே இமாம் அஹ்மதிடம் கேட்டனர். முஸ்லிம்களின் இரத்தம் சிந்த வேண்டாமென அவர் தடுத்தார். அஹ்மது இப்னு நஸ்ர் அல்குஸாயீ கிளர்ச்சிக்கு ஆயத்தமானார். ஹிஜ்ரி 231இல் தலை கொடுத்தார். அவருடைய தியாகத்தைக் குறைத்து மதியோம். எனினும் நம் நெஞ்சம் இமாமின் பக்கமே சாய்கிறது. உள்நாட்டுப் போரில் முதலில் வெட்டுண்பவன் கொடுங்கோலன் அல்லன். ஆனால் பிற்காலத்து அரண்மனை உலமாக்கள் செய்த ஒரு வேலையையும் சொல்லியாக வேண்டும்: இமாமின் பொறுமையை எடுத்துக்கொண்டார்கள், மறுப்பை விட்டுவிட்டார்கள். வாளை உறையிலிடச் சொன்ன அதே மனிதர் அரசன் வேண்டிய அந்த ஒரு சொல்லை இறுதிவரை தரவில்லை என்பதை மறைத்து, வெறும் கீழ்ப்படிதலையே மார்க்கமெனப் போதித்தார்கள்.

அம்மறுப்புக்கு அடித்தளமாய் இருந்தது எது? ஈமான் என்பதில் ஐயமில்லை. அதனோடு உணவும் என்போம். காழி பதவியை ஏற்க மறுத்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூஃபாவின் பட்டு வணிகர். தம் உழைப்பில் உண்டவர். இமாம் அஹ்மதுக்கோ சிறு வாடகை வருமானம் இருந்தது. அரசுப் பதவி ஏற்றவரெல்லாம் விலைபோனவர் என்று நாம் சொல்லவில்லை. அபூஹனீஃபாவின் மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) தலைமைக் காழியாய் அமர்ந்து, குடிகளிடம் வரம்பு மீறி வரி பறிக்கலாகாதென ஹாரூன் ரஷீதுக்கே நூல் எழுதித் தந்தார். அத்தகையோர் அரியர்.

பின்னர் முத்தவக்கில் ஆட்சிக்கு வந்து அச்சோதனையை நிறுத்தினார். சாட்டை போயிற்று, பொன் வந்தது. இமாம் அஹ்மதுக்கு இது முன்னதினும் கடிய சோதனையாகத் தோன்றிற்று. அவர் ஏற்கவில்லை, பிள்ளைகள் அரச மானியத்தை ஏற்றனர். ஒருநாள் அவருக்கென ரொட்டி விரைவில் ஆயத்தமாகி வந்தது. இத்தனை விரைவில் எப்படி என வினவினார். மகன் ஸாலிஹின் வீட்டு அடுப்பு சூடாக இருந்ததால் அதில் சுட்டோம் என்றனர். ரொட்டியை எடுத்துச் செல்லுமாறு சொல்லிவிட்டார்.